மழைநாட்டுக் குதிரைக்கு வெளிப்போர்வை: சில குளிர்காலங்களின் அனுபவம்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கம்பிரியாவில் குளிர்காலத்தின் பெரும்பகுதி மழையாகவே கழிகிறது. இந்த வட்டாரத்தில், போரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூரில், ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களில் மிகுந்த மழை பெறுவது அதுவே. நாங்கள் இருக்கும் தாழ்ந்த பகுதியில் அவ்வளவு இல்லை என்றாலும், அக்டோபர் முதல் மார்ச் வரை காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையும், உறைநிலைக்குச் சற்றே மேலாக நின்றுவிடும் வெப்பநிலையும்தான் வழக்கம். இப்படிப்பட்ட நிலத்தில் நாளெல்லாம் வெட்டவெளியில் மேயும் குதிரைக்கு எந்த டர்ன்அவுட் போர்வையை, அதாவது வெளியில் மேயும்போது போர்த்தும் நீர்தடுப்புப் போர்வையை, வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, தொடர்ந்து பல குளிர்காலங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் சொல்வது இதுதான்: உள்ளே சூட்டுக்காக எத்தனை கிராம் பஞ்சு நிரப்பு இருக்கிறது என்பதைக் கடைசியில் பாருங்கள், போர்வை தோள்பட்டையில் எப்படி உட்காருகிறது, மேல்துணி எத்தனை காலம் நீரைத் தடுக்கும் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் குதிரைக்குப் போர்வை தேவைதானா என்ற கேள்வி இருக்கிறது. என்னிடம் 16 கை (சுமார் 163 சென்டிமீட்டர்) உயரமுள்ள, தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தின் கலப்புப் பெண்குதிரை ஒன்றும், இந்த மலைப்பகுதிக்கே உரிய ஃபெல் போனி ஒன்றும் இருக்கின்றன. போர்வை போடுவது பெண்குதிரைக்கு மட்டுமே. போனிக்குக் குளிர்காலத்தில் முடி இரண்டு அடுக்காக அடர்ந்து வளர்கிறது. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அதன் முதுகில் முடியை விரலால் பிரித்துப் பார்த்தால், மேல்முடி சொட்டச் சொட்ட நனைந்திருக்க, அடியில் தோல் உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். முடியைச் சிலிர்த்து நிறுத்தி, அதனிடையே காற்றைத் தேக்கி வைத்துக்கொள்ளும் அந்த இயற்கையான ஏற்பாட்டைப் போர்வையின் பாரம் அழுத்திக் கெடுத்துவிடும். தவிரவும், இத்தகைய மலையினங்கள் குளிர்காலத்தில் சற்று மெலிந்து, வசந்தத்தில் புல்லைத் தின்று தேறும் உடல்வாகு கொண்டவை. தேவையற்ற போர்வைக்குள் அவற்றைக் கொழுக்கவிட்டால், புதுப்புல் முளைக்கும் காலத்தில் லாமினைடிஸ் என்னும் குளம்பு அழற்சிக்கு வழி திறந்துவிடுகிறோம். பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் கொழுத்த போனிகள் தடித்த போர்வைக்குள் வியர்த்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. அது அன்பால் செய்வதுதான், ஆனால் விலங்குக்கு அதனால் நன்மையில்லை.

தரோபிரெட் வகையின் மெல்லிய தோலுக்கும் குட்டையான முடிக்கும் கதை வேறு. அதிலும் வேலைக்காக உடல் முடியை மழித்த குதிரை என்றால் போர்வை கட்டாயம். ஆகவே இனி எழுதுவதெல்லாம் அந்தப் பெண்குதிரையை வைத்துத்தான்.

அளவில் தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பிரிட்டிஷ், ஐரிஷ் தயாரிப்புகளில் அளவு அடியிலும் அங்குலத்திலும் இருக்கும். நெஞ்சின் நடுவில் நாடாவை வைத்து, தோளைச் சுற்றி, உடலின் பக்கவாட்டில் நேராகக் கொண்டுபோய்ப் புட்டத்தின் விளிம்பு வரை அளக்க வேண்டும். என் குதிரைக்கு அது 6 அடி 3 அங்குலம். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பலர் முதுகுமேட்டிலிருந்து (கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து) வாலின் தொடக்கம் வரை சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கணக்கிடாமல், எந்த நிறுவனத்தின் போர்வையோ அந்த நிறுவனம் சொல்லும் முறையில் மறுபடி அளந்துகொள்வதே நல்லது.

ஆனால் நீளம் சரியாக இருப்பதால் மட்டுமே போர்வை பொருந்திவிடாது. ஒரே நீளமுள்ள இரண்டு குதிரைகளில் ஒன்று அகன்ற நெஞ்சும் தாழ்ந்த முதுகும் கொண்டிருக்கும், மற்றொன்று குறுகிய நெஞ்சும் கூரிய முதுகுமேடும் கொண்டிருக்கும். போர்வையின் கழுத்துவாய் முதுகுமேட்டுக்கு ஒரு கையகலம் முன்னால் உட்கார வேண்டும். கழுத்துவாய் அகலமாக இருந்தால், குதிரை நடக்க நடக்கப் போர்வை பின்னால் சரிந்து, முழுப் பாரத்தையும் முதுகுமேட்டின் மீதும் தோளின் முன்முனை மீதும் ஏற்றிவிடும். அப்போது தோளில் நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்: முதலில் அந்த இடத்து முடி எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும், அடுத்து முடியின் நுனிகள் ஒடிந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும், பிறகு கைப்பிடியளவு இடம் வழுக்கையாகிவிடும். பளபளப்பு தெரிந்த நாளிலேயே போர்வையை மாற்றினால் தப்பித்துவிடலாம்.

கடையில் வாங்கினாலும் அஞ்சலில் வரவழைத்தாலும், சுத்தமான குதிரையின் மேல் மெல்லிய பருத்தி விரிப்பொன்றைப் போட்டு, அதன்மேல் புதுப் போர்வையை மாட்டிப் பார்ப்பது என் வழக்கம். முடி ஒட்டாமல் இருந்தால் திருப்பி அனுப்புவதில் சிக்கல் வராது. எல்லாப் பட்டைகளையும் பூட்டிய பிறகு, தரையில் ஒரு பிடி உலர்புல்லை வைத்து அதைத் தின்னவிடுங்கள். குதிரை தலையைத் தாழ்த்தி நிற்கும் அந்த நிலையில்தான், மேய்ச்சல் நிலத்தில் அது பெரும்பாலான நேரத்தைக் கழிக்கப்போகிறது. அப்போது தோளுக்கும் துணிக்கும் இடையே உங்கள் உள்ளங்கை தடையின்றி மேலும் கீழும் நகர வேண்டும், நெஞ்சுப் பட்டை தொண்டையின் அடிப்பகுதியை நெரிக்கக் கூடாது. வயிற்றுக்கடியில் குறுக்காகச் செல்லும் பட்டைகளுக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு கையகல இடைவெளி போதும்; அதற்கு மேல் தொங்கினால் படுத்து எழும்போது பின்னங்கால் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தொடைப் பட்டைகள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துப் பூட்டினால் அவை தொடையின் உள்பக்கத்தை உரசாமல் விலகி நிற்கும். தோளுக்கருகே மடிப்பு வைத்துத் தைத்த போர்வைகள் நல்லவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அகன்ற தோளுள்ள குதிரைக்கு அது உண்மை. என் குதிரைக்கோ அந்த மடிப்பு தவறான இடத்தில் விழுந்து உரசியது. முன்பக்கம் சற்று உயர்ந்து, முதுகுமேட்டுக்கு முன்னால் கழுத்தின் மேல் உட்காரும் உயர்கழுத்து வடிவமே அதற்குப் பொருந்தியது.

அடுத்தது துணி. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்லும் அளவு. எண் கூடக்கூட நூல் தடிக்கும், துணி கிழிபடாமல் தாங்கும். சந்தையில் 600 டெனியர் பாலியெஸ்டர் தொடக்க நிலை. 1000, 1200, 1680 என்று அது உயர்ந்துகொண்டே போகும். நான் முதலில் பயன்படுத்திய 600 டெனியர் போர்வையின் துணி, நிலத்தைச் சுற்றியிருக்கும் முள்வேலிப் புதரில் குதிரை உடம்பைச் சொறிந்துகொண்டதில் அடிக்கடி கிழிந்தது. இப்போது இருப்பது அயர்லாந்தின் டண்டாக் நகரத்து ஹார்ஸ்வேர் நிறுவனத்தின் ராம்போ என்னும் போர்வை. மேல்துணி 1000 டெனியர் பாலிஸ்டிக் நைலான். இத்தனை ஆண்டுகளில் அந்தத் துணியில் கீறல்கள் விழுந்திருக்கின்றனவே தவிர ஓட்டை விழவில்லை. விலை இருமடங்குக்கு மேல்தான், ஆனால் உழைத்த காலத்தைக் கணக்கிட்டால் எனக்கு அது மலிவாகவே முடிந்தது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்றுண்டு. டெனியர் கூடுதலாக இருப்பதால் போர்வை நீரைத் தடுத்துவிடாது. நீரைத் தடுப்பது துணியின் உட்புறத்தில் ஏற்றிய பூச்சும், மேற்புறத்து நீர்விலக்கும் மெருகும், ஒட்டி மூடிய தையல்களும்தான். முதுகெலும்பின் நெடுகிலும் தையல் ஓடும் போர்வையை நான் வாங்கவே மாட்டேன், ஏனெனில் மழை நேராக விழும் இடம் அதுவே. ஒரே துணியாக முதுகை மூடி, தையல்கள் பக்கவாட்டில் அமைந்திருந்தால் நீர் வழிந்து போய்விடும். இன்னொன்று, துணி வியர்வை ஆவியை வெளியே விட வேண்டும். போர்வையைக் கழற்றும்போது உட்துணி ஈரமாக இருந்தால், ஈரம் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். முதுகுமேட்டிலும் இடுப்பெலும்பின் மேலும் தையலின் ஓரமாகவும் மட்டும் நனைந்திருந்தால் அது கசிவு. தோளிலும் விலாவிலும் பரவலாக, வெதுவெதுப்பாகப் பிசுபிசுத்தால் அது வியர்வை. போர்வை தடிமன் மிஞ்சிவிட்டது என்று பொருள். இரண்டையும் பிரித்தறியாமல் நல்ல போர்வையைக் குறை சொல்பவர்களும், ஒழுகும் போர்வைக்குள் குதிரையை நிற்கவைப்பவர்களும் நிறையப் பேர். நெடுநாள் நனைந்து ஊறிய தோலில் டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா பெருகி, முடியைத் திட்டுத்திட்டாக ஒட்டவைத்துப் பொருக்குக் கட்டவைக்கும். ஒழுகும் போர்வையைவிடப் போர்வையே இல்லாமல் இருப்பது மேல்.

நிரப்பின் எடை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும்: 0 முதல் 50 வரை மெல்லியது, 200 நடுத்தரம், 300க்கு மேல் கனமானது. மிதமான தட்பவெப்பத்தில் வளர்ந்த குதிரைக்கு ஏறத்தாழ 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை உடல் சூட்டைக் காக்கக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுவதில்லை. நாம் நடுங்கும் நாளில் அதுவும் நடுங்கும் என்று எண்ணுவது தவறு. ஆனால் இந்த வெப்பநிலை எல்லை முடி உலர்ந்த நிலைக்கான கணக்கு. முடி நனைந்து, காற்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு செல்லாது. நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகையில் வரைந்த குறிகளைத் தொட்டுக் காட்டப் பழக்கி, போர்வை வேண்டுமா, கழற்ற வேண்டுமா, இருப்பதே போதுமா என்று அவற்றையே கேட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஈரமும் காற்றும் குளிரும் கூடிய நாட்களில் அவை போர்வையைக் கேட்டன. வெயிலடிக்கும் நல்ல நாட்களில் வேண்டாம் என்றன. என் நிலத்தில் நான் காண்பதும் அதுவே.

அதனால் 100 கிராம் நிரப்புள்ள வெளிப்போர்வை ஒன்றையும், உள்ளே கோத்துக்கொள்ளும் தனி லைனர் ஒன்றையும் வைத்துக் குளிர்காலம் முழுவதையும் ஓட்டுகிறேன். உறைபனி விழும் இரவுகளிலும், மழித்த முடி மீண்டும் வளரும் வரையிலும் மட்டும் லைனர் ஏறும். கடுங்குளிரென்றால் லைனருக்கு முன்பாக உலர்புல்லைக் கூட்டுகிறேன்; நார்த்தீனி பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் வெப்பத்தை எந்தப் பஞ்சாலும் ஈடுசெய்ய முடியாது. தலைமூடி, கழுத்துமூடி போன்றவற்றில் எனக்கு ஈடுபாடில்லை. பிடரிமயிரை அவை தேய்த்துவிடுகின்றன.

எவ்வளவு நல்ல போர்வையானாலும் நாள்தோறும் கழற்றி மாட்டியே ஆக வேண்டும். கையைத் தோளுக்குப் பின்னால் செலுத்திப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும். காது குளிர்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. போர்வை மூடியிருப்பதால் விலா எலும்புகள் தெரியாமல் போகின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் குதிரை இளைப்பதைக் கண்ணைவிடக் கைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

துவைப்பதில் ஒரே ஒரு விதி: வீட்டுத் துணிச்சோப்புத் தூள் கூடாது. அது நீர்விலக்கும் மெருகைக் கரைத்துக்கொண்டு போய்விடும். சேறு காயும் வரை விட்டு, கெட்டித் தூரிகையால் தட்டி உதிர்த்து, பருவம் முடிந்ததும் போர்வைகளுக்கென்றே உள்ள சலவையகத்தில் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் 30 டிகிரிக்கு மிகாத நீரில், அதற்கான திரவத்தில் துவைத்து, மறுபடி நீர்த்தடுப்பு ஏற்றித் தருவார்கள். மழைத்துளி துணியின் மேல் முத்தாக உருளாமல் பரவி ஊறத் தொடங்கினால் நீர்த்தடுப்பு ஏற்றும் காலம் வந்துவிட்டது.

இப்போதைய நிலையில், தொடைப் பட்டைகளின் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதால் புதியவை வாங்கி மாட்டியிருக்கிறேன். அவை தனியாகவே கிடைக்கின்றன. நெஞ்சுப்பகுதிக் கொக்கிகளில் துரு இல்லை. வால்மூடியின் ஓரத்தில் ஒரு விரல்நீளத் தையல் பிரிந்திருக்கிறது. இந்த ஆண்டு சலவைக்குப் போகும்போது அதையும் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.