கதவை இழைக்க வருபவர் முதலில் கீலைப் பார்க்கிறாரா?

கதவு நிலையில் உரசுகிறது என்று மழைக்காலத்தில் தச்சரைக் கூப்பிட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரே ஆள் இரண்டு கதவுகளைப் பாழாக்கிவிட்டு முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

படுக்கையறைக் கதவு கெட்டி மரம். பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை மட்டும் நிலையில் இடித்தது. வந்தவர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "மரம் ஊறிவிட்டது அம்மா, இழைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, இழைப்பு இயந்திரத்தை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். கீல் பக்கம் அவர் கண் போகவே இல்லை. மழை ஓய்ந்து மரம் காய்ந்ததும், விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்துவிட்டது. பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளையை எட்டுவதில்லை.

மேல்மூலை மட்டும் இடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேல்கீலின் திருகுகளைத்தான். அவை தளர்ந்தால் கதவு தன் எடையாலேயே சாய்ந்துவிடும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் ஆடினால் இழைப்புளிக்கு அங்கே வேலையே இல்லை. துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, திருகை மீண்டும் முடுக்கினால் பெரும்பாலும் போதும். மரம் ஊறினால் அகலவாட்டில்தான் உப்பும், நீளவாட்டில் அநேகமாக மாறாது. ஆகவே பூட்டுப் பக்கம் நெடுகப் பிடித்தால் அது ஊறலாக இருக்கலாம். அப்போதும் உரசும் இடத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, மெல்லச் சீவ வேண்டும். காய்ந்த காலத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதுமே!

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டபோது, "மரம் என்றால் சுருங்கத்தான் செய்யும்" என்றார். ஊறியிருப்பதைக் கண்டுபிடித்த மனிதருக்கு அது சுருங்கும் என்பதும் அன்றே தெரிந்திருக்கும் அல்லவா?

இரண்டாவது கதவுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அது உள்ளே கூடாக உள்ள பிளஷ் கதவு. அடிப்பகுதி தரையில் தேய்த்தது. இவ்வகைக் கதவில் ஓரங்களில் மட்டுமே குறுகிய மரச்சட்டம் இருக்கும். அதைத் தாண்டி வெட்டக் கூடாது. அவர் அடிச்சட்டம் முழுவதையும் அறுத்துத் தள்ளிவிட்டார். கத்தியால் கோடு கீறாமல் ரம்பத்தை வைத்ததால் மேலே ஒட்டிய ஒட்டுப்பலகைத் தகடும் சிம்பு சிம்பாகப் பிய்ந்தது. "யார் அம்மா குனிந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றார். அந்தப் பேச்சை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. வெட்டிய விளிம்பில் வார்னிஷோ பிரைமரோ ஒரு பூச்சுக்கூட இல்லை. தரை துடைக்கும் ஈரம் ஏறி, இப்போது ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரிகிறது.

எவ்வளவு எடுக்கப்போகிறார் என்பதைப் பென்சில் கோடாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்புக்குப் பூச்சு கொடுப்பதும் கூலியில் அடக்கம் என்று முன்பே பேசிவிடுங்கள். கதவை மாட்டி, உங்கள் கண்முன் திறந்து மூடிக் காட்டும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேறொரு தச்சர் இப்போது படுக்கையறைக் கதவின் கீல் பக்கத்தில் மரச்சட்டம் ஒட்டி அகலத்தைச் சரிசெய்து தருகிறார்; பூட்டைப் பெயர்க்க வேண்டியதில்லை. பிளஷ் கதவுக்கு, அறுத்த துண்டிலிருந்து தகட்டை உரித்துவிட்டு அந்தச் சட்டத்தையே பசையோடு கூட்டுக்குள் செருகியிருக்கலாமாம். முந்தைய ஆள் அதைக் குப்பையோடு அள்ளிப் போய்விட்டதால், புதுக்கட்டை செதுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது பிளஷ் கதவை அறுத்தால் அந்தத் துண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.