'மற்றும் பலர்' பட்டியலில் சேராமல் இருக்க: சிக்னல் செயலி எவ்வளவு தாங்கும்?

போராட்ட வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் நாலைந்து பெயர்தான் இருக்கும். அதற்குப் பின்னால் 'மற்றும் பலர்'. கூடங்குளத்தில் 2011, 2012-இல் போட்ட வழக்குகளில் அந்தப் 'பலர்' பல ஆயிரம் பேர். தேசத்துரோகப் பிரிவு வரைக்கும் போனது. அந்தக் காலியிடத்தைப் பிறகு நிரப்ப ஒரு போட்டோ போதும், ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியல் போதும், கைப்பற்றிய ஒரே ஒரு போன் போதும். வாட்ஸ்அப் போலச் செய்தி அனுப்பும் சிக்னல் செயலியை இங்கே இந்தக் கணக்கில்தான் எடை போடுகிறோம்.

அனுமதி மனுவில் கையெழுத்துப் போடும் பொறுப்பாளருக்கு இதனால் பெரிய லாபமில்லை. அவர் பெயரும் நம்பரும் ஸ்டேஷனில் எப்படியும் இருக்கும். லாபம் எல்லாம் பாளையங்கோட்டை ஜவஹர் மைதானத்தில் கூட்டத்தோடு நிற்கிற பீடி சுற்றும் அக்காவுக்கும், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எழுதிப்போடப் போகும் பையனுக்கும்தான். பெயர் ஒரு வழக்கில் ஏறிவிட்டால் போலீஸ் விசாரணை அறிக்கையில் அது வந்து நிற்கும்.

முதலில் நல்லது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது; நன்கொடையில் ஓடும் அறக்கட்டளை நடத்துகிறது. செய்தியைப் பூட்டும் முறை வாட்ஸ்அப்பிலும் இதே முறைதான், அதில் வித்தியாசம் தேடாதீர்கள். வித்தியாசம் நிறுவனத்தின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதில். 2016-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா நீதிமன்றம் வழியாக ஒரு கணக்கின் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இரண்டை மட்டுமே சிக்னலால் கொடுக்க முடிந்தது. யாரோடு பேசினார், எந்தக் குழுவில் இருந்தார் என்பது அவர்களிடமே இல்லை.

ஆனால் செயலியை இறக்கி அப்படியே விட்டால் பாதிப் பயன்கூட இல்லை. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் போன் நம்பர். 'யார் என் நம்பரைப் பார்க்கலாம்' என்பதில் 'நோபடி' இருக்கிறதா பாருங்கள். கீழே 'யார் நம்பரை வைத்துக் கண்டுபிடிக்கலாம்' என்பது 'எவ்ரிபடி' என்றே வரும். அதையும் 'நோபடி' ஆக்குங்கள். பிறகு யூசர்நேம் ஒன்று வைத்து அதைக் கொடுத்துக்கொள்ளலாம், 2024-லிருந்து இந்த வசதி உண்டு. ஒன்று கவனம்: உங்கள் நம்பரை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவருக்கு அது தெரியத்தான் செய்யும். புரொஃபைலில் முழுப் பெயரும் கல்யாண போட்டோவும் வைத்துவிட்டு நம்பரை மட்டும் மறைத்து என்ன பிரயோசனம்?

குழு அமைப்பில்தான் அதிகம் சறுக்குகிறது. ஆள் சேர்ப்பதையும் குழு விவரம் மாற்றுவதையும் அட்மின் மட்டும் செய்யும்படி வையுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால், மறையும் செய்தியின் (குறித்த நேரத்தில் தானே அழியும் செய்தி) நேரத்தை எந்த உறுப்பினரும் மாற்றிவிடலாம். குரூப் லிங்க் வேண்டாம். வேண்டியே தீரும் என்றால் 'அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்' போடுங்கள். ஒருவர் அந்த லிங்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் போதும், மஃப்டி ஆளும் உள்ளே வருவார். ஆயிரம் பேர் வரை ஒரு குழுவில் சேரலாம் என்கிறது சிக்னல். முகம் தெரிந்த பதினைந்து இருபது பேரோடு நிறுத்துவதே நல்லது. உள்ளே இருப்பவர் அடுத்த போனை வைத்துத் திரையைப் படமெடுத்தால் எந்தப் பூட்டும் தடுக்காது.

மறையும் செய்திக்கு ஒரு நாள் வைத்தால் போதும். பலருக்குத் தெரியாத சிக்கல் இதில் ஒன்று உண்டு. பெறுபவர் செய்தியைத் திறந்த பிறகுதான் அவர் போனில் நேரம் ஓடத் தொடங்கும். திறக்காமலே கிடக்கும் போனில் செய்தி அப்படியே இருக்கும். நோட்டிஃபிகேஷனில் 'நோ நேம் ஆர் மெசேஜ்' போடாவிட்டால் பூட்டிய திரையிலேயே எல்லாம் தெரியும். லிங்க்ட் டிவைசஸ் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் நீக்குங்கள்.

போட்டோ அனுப்பும் முன் எடிட்டரில் முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. 2020 ஜூனில், அமெரிக்கத் தெருக்களில் போராட்டம் நடந்த நேரத்தில் சேர்த்தது. நேராகப் பார்க்கும் முகத்தைத் தானே பிடிக்கும். பக்கவாட்டு முகத்தையும் தலையில் துண்டு கட்டியவரையும் விட்டுவிடக்கூடும். அதை விரலால் தேய்க்க வேண்டும். பைக் நம்பர் பிளேட், சட்டையில் இருக்கும் சங்கப் பெயர் இவற்றையும் சேர்த்துத் தேய்க்கவும். எடுத்த இடமும் நேரமும் அனுப்பும்போது படத்திலிருந்து நீங்கிவிடும். ஆனால் கேலரியில் மூலப்படம் இருக்கிறதே, அதை யார் அழிப்பது? தமிழ்நாடு போலீஸ் கையில் முகமறியும் மென்பொருள் இருக்கிறது என்பதால் இது வீண் பயம் இல்லை.

செயலியால் ஆகாதது எது? ஆள் எங்கே நின்றார் என்பதை மறைக்க முடியாது. நெல்லை கொக்கிரகுளம் டவரில் எந்தெந்த சிம் இருந்தது என்பது சேவை நிறுவனத்தின் பதிவில் விழுந்துகொண்டே இருக்கும். 2021 டிசம்பர் உத்தரவுப்படி அந்தப் பதிவை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். சிக்னலில் பதிய ஒரு நம்பர் வேண்டும், அந்த நம்பர் யாருடைய அடையாள அட்டையிலாவதுதான் இருக்கும். நின்ற இடம் மறைய வேண்டும் என்பவர் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இணையம் இல்லாவிட்டால் செயலியும் இல்லை. 2018 மே 22 ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். அப்போது தென்காசியும் நெல்லைக்குள்தான் இருந்தது. அதனால் முக்கியமான பத்து நம்பரும், வக்கீல் நம்பரும் காகிதத்தில் இருக்கட்டும்.

போன் பிடிபட்டால் என்ன என்பதுதான் மிச்சம். கூட்டத்துக்குள் போகும் முன்பே விரல் ரேகைப் பூட்டை நீக்கிவிட்டு ஆறு இலக்கத்துக்குக் குறையாத பின் வையுங்கள். சிக்கல் தெரிந்தால் போனை அணைத்துவிடுங்கள். திரும்ப ஆன் செய்தால் ரேகை செல்லாது, பின்னைத்தான் கேட்கும். சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒளி-ஒலியில் பதிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 105-ஆம் பிரிவு சொல்கிறது. மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் பட்டியல்) போனின் மாடலும் அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடவும். அதே நேரத்தில் வெளியே இருக்கும் அட்மின் அந்த உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும். அட்மின் ஒருவரே இருந்து அவரே பிடிபட்டால் நீக்க ஆளில்லை. ஆகவே ஒரு குழுவுக்கு இரண்டு அட்மின், அதில் ஒருவர் களத்துக்கு வரக்கூடாது.