தொண்ணூறுகளின் கடைசி ஆல்பங்கள்: சிடியா, கேசட்டா?

1997–99 ஆல்பங்களை அசல் பதிப்பில் சேர்க்கிறவர்களுக்கு:

ஒலி
சிடி: 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் ஒலி, இரைச்சல் இல்லை. ஆனால் மற்ற ஆல்பங்களைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டுமென்று பதிவின் சத்தத்தை ஏற்றும் போட்டி சூடுபிடித்திருந்த காலம் அது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ராக் குழுவின் 1999 ஆல்பம் 'கலிஃபோர்னிகேஷன்' சிடியில் உச்ச ஒலிகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிளேயரை மாற்றிப் பயனில்லை, கோளாறு மாஸ்டரிங்கிலேயே, அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சரிசெய்யும் கட்டத்திலேயே.
கேசட்: 'உஸ்' சத்தம் கூடவே வரும்.

ஆயுள்
சிடி: அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம். லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் போச்சு. அலுமினியப் படலம் அதன் அடியில்தான்.
கேசட்: திடீரென ஒலி மங்கினால், டேப்பைத் தாங்கும் சின்னப் பஞ்சுத் திண்டு உதிர்ந்திருக்கும். வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

வசதி
சிடிதான், பேச்சே வேண்டாம்.

கணினியில் ஏற்றிக் கேட்க சிடி. ஓடும் வாக்மேனும் பொறுமையும் இருந்தால் கேசட்; போடுமுன் ஹெட்டை (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.