பங்காளிச் சண்டை தெரிந்தவருக்கு இந்த ஆட்டம் எளிது: க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் நிலமும் சிற்றரசரும்

மன்னார்குடிப் பக்கம் இருபது வேலி பண்ணை வைத்திருந்த குடும்பம் மூன்று தலைமுறையில் எப்படி இரண்டு மா நிலமாகச் சுருங்கியது என்று யாருக்காவது விளக்க வேண்டுமென்றால், இந்த ஆட்டத்தை ஒரு வாரம் ஆடவிட்டால் போதும். ஸ்வீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் கணினிக்கு வெளியிட்ட க்ரூசேடர் கிங்ஸ் 3, பார்வைக்குப் போர் ஆட்டம். உள்ளே இருப்பது குத்தகை, பாகப்பிரிவினை, சம்பந்தம் பேசுதல். போரில் ஜெயிப்பது இதில் பாதி வேலைகூடக் கிடையாது. ஜெயித்த நிலத்தை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் ஆட்டம் நிற்கிறது.

காவிரிக் கரையில் தொடங்க நினைப்பவர் முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1066-இல் சோழர் உச்சத்தில் இருக்கிறார்கள், அது வீரராசேந்திரன் காலம். பெரிய அரசு கையில் வரும், கூடவே சிற்றரசர் கூட்டமும் வரும். புதிதாக ஆடுபவர்கள் இதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பத்தே ஆண்டில் கலகத்தில் மாட்டுகிறார்கள். 867-இல் விஜயாலயன் காலத்துச் சோழர் சின்னக் குடும்பம். பாண்டியரும் பல்லவரும் இரண்டு பக்கமும் நெருக்குவார்கள் என்றாலும், நிர்வாகம் கற்றுக்கொள்ள இதுதான் நல்ல இடம். ஆட்டம் 1453-இல் முடிகிறது, அவசரமே தேவையில்லை.

முதலில் வருமானக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நிலப்பிரபுத்துவ ஆட்சியில் சிற்றரசர் ஒருவரின் சாதாரண ஒப்பந்தம் வரியில் 10 சதவீதம், படையில் 25 சதவீதம். அவருக்குக் கீழே இன்னொருவர் இருந்தால், கீழே இருப்பவர் தன் வரியில் பத்தில் ஒன்றை மேலே கொடுப்பார். அதிலும் பத்தில் ஒன்றுதான் உங்கள் கைக்கு வரும். கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிற கதைதான், ஆனால் தலைகீழாக. ஆகவே உங்கள் நேரடிக் கையில் இருக்கும் ஒரு நல்ல கவுண்டி (ஆட்டத்தில் நிலத்தின் அடிப்படை அலகு), சிற்றரசர் வசமுள்ள அதே அளவு கவுண்டிகள் பத்துக்குச் சமம். இன்னொன்று, இந்த வரியும் படையும் ஒப்பந்தப்படி வருபவை. சிற்றரசருக்கு உங்கள்மேல் பிரியம் இருக்கிறதா இல்லையா என்பதால் கூடுவதோ குறைவதோ இல்லை. பலர் பரிசு கொடுத்துப் பிரியத்தை ஏற்றிவிட்டு வரி ஏன் ஏறவில்லை என்று தேடுகிறார்கள். பிரியம் கலகத்தைத் தடுக்கத்தான்.

எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளலாமே என்றால், டொமைன் லிமிட் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பட்டத்தையும் ஸ்டூவர்ட்ஷிப் என்ற நிர்வாகத் திறனையும் வைத்து அது கூடும், குறையும். மீறினால் வரியும் படையும் வெட்டுப்படும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிர்வாகத்தில் கெட்டிக்காரனான அப்பா எட்டுக் கவுண்டி வைத்திருப்பான். மகனுக்கு அந்தத் திறமை இல்லையென்றால், பட்டமேறும் நாளிலேயே இரண்டு மூன்று வரம்புக்கு மேல் நிற்கும். அதனால் வரம்பை முழுக்க நிரப்பாமல் ஒன்று விட்டுவைப்பது நல்லது. மனைவியைச் சபையில் நிர்வாகத்துக்கு உதவச் சொன்னால் அவர் திறனிலும் ஒரு பங்கு சேரும். பெண் பார்க்கும்போது அழகைவிட அந்த எண்ணைப் பாருங்கள்.

நேரடியாக வைத்துக்கொள்வது எவை என்பதிலும் ஒழுங்கு வேண்டும். தலைநகர் இருக்கும் டச்சியிலேயே (சில கவுண்டிகள் சேர்ந்தது ஒரு டச்சி) எல்லாக் கவுண்டிகளையும் திரட்டுவது நல்லது. தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று சிதறவிட்டால் பாகப்பிரிவினையில் அத்தனையும் பறிபோகும். காசு செலவழித்துக் கட்டடம் எழுப்புவது முதலில் தலைநகரில். பட்டத்து வாரிசுக்குத் தலைநகர் போய்ச் சேருவது உறுதி என்பதால் போட்ட முதல் வீணாகாது. அரசரான பின் டச்சிப் பட்டம் இரண்டுக்கு மேல் வைத்துக்கொண்டால் சிற்றரசர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது கிடைத்ததும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அதை யாருக்குக் கொடுப்பது? பிடித்த நிலத்தில் கன்ட்ரோல், அதாவது உங்கள் பிடி, குறைவாக இருக்கும், அது 100-க்கு ஏறும்வரை வரி முழுசாக வராது. படைகளைக் கவனிக்கும் சபை உறுப்பினரான மார்ஷலை அந்தக் கவுண்டிக்கு அனுப்பினால் ஏறும். மக்களின் பண்பாடும் சமயமும் வேறென்றால், அதே பண்பாடு, சமயத்து ஆளிடம் கொடுப்பது அமைதிக்கு நல்லது. ஆனால் அவர் உங்களிடம் ஒட்டமாட்டார். இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம். எல்லைப் பகுதியென்றால் நம்ம ஆள், உள்நாடென்றால் அந்த ஊர் ஆள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு டச்சி மட்டும் கொடுக்கவே வேண்டாம். ராசராசன் காலத்தில் நிலத்தை அளந்து, பழைய நாடுகளைச் சேர்த்தும் பிரித்தும் ஆறுகளை எல்லையாக வைத்து வளநாடுகள் அமைத்தார்கள். குறுநிலத் தலைவர்களின் பிடியைத் தளர்த்தியதும் அதன் விளைவுகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆட்டத்தில் டச்சி எல்லையை அப்படி உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுத முடியாது, பெரிய குறைதான். பல டச்சிகள் சேர்ந்த கிங்டத்தின் எல்லைகூட நூறாண்டு பிடித்து வைத்திருந்தால்தான் மெல்ல நகரும்.

கலகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரிய சிற்றரசர்கள் சபையில் இடம் எதிர்பார்ப்பார்கள். கொடுக்காவிட்டால் கோபம் கணிசமாக ஏறும். கொடுத்தால் கணக்குத் தெரியாதவர் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்துவிடுவார். திறமையில்லாத பெரிய மனிதரை அதிகம் கெடுதல் செய்யமுடியாத நாற்காலியில் வைப்பது ஒரு வழி, ஆனால் உளவுத்துறையை மட்டும் உங்களை வெறுப்பவரிடம் தரக்கூடாது. அதிருப்தியாளர்கள் ஃபாக்‌ஷன் என்ற கலகக் கூட்டம் சேர்வார்கள். தனியாகப் பிரிய ஒரு கூட்டம், வேறொருவரை அரியணை ஏற்ற இன்னொரு கூட்டம். அவர்கள் படைபலம் உங்கள் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டும்போது அதிருப்தி ஏறத் தொடங்கி, அந்த அதிருப்தி 100 ஆனதும் இறுதி எச்சரிக்கை வரும். ஆக எல்லாரையும் சமாதானப்படுத்தத் தேவையில்லை. கூட்டத்தில் பெரிய கையை மட்டும் உருவினால் கணக்கு 80-க்குக் கீழே இறங்கிவிடும். பெண் கொடுத்துக் கூட்டணி வைத்துக்கொண்ட சிற்றரசர் கலகக் கூட்டத்தில் சேரமாட்டார். வலுவான ஹூக், அதாவது அவர் குடுமி உங்கள் கையில் இருந்தாலும் சேரமாட்டார். பயமும் வேலை செய்யும், ஆனால் பயம் ஆளோடு போய்விடும், மகனுக்கு வராது.

பட்டம் பறிப்பதற்கு க்ரவுன் அத்தாரிட்டி என்ற அரச அதிகாரச் சட்டம் ஒரு படியாவது ஏறியிருக்க வேண்டும். காரணமில்லாமல் பறித்தால் கொடுங்கோல் புள்ளி சேரும், மற்ற எல்லாச் சிற்றரசருக்கும் அது உறைக்கும். காத்திருந்து, அவராகக் கலகம் செய்து தோற்றபின் பறித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் ஒரே ஒருவரைக் கிளப்பிவிட்டுத் தனியாக அடிப்பது பழைய ஆட்டக்காரர்களின் வழக்கம். காடவச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் ராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்துவைத்ததும், போசளர் (ஹொய்சளர்) வந்துதான் மீட்டார்கள் என்பதும் நினைவிருந்தால், வளர்ந்துவிட்ட சிற்றரசரை எப்போது தட்டவேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சிற்றரசர் ஒவ்வொருவரோடும் தனி ஒப்பந்தம் என்பது இந்த ஆட்டத்தின் ஆக நல்ல யோசனை. வரியைக் கூட்டிப் படையைக் குறைக்கலாம், சபையில் இடம் உறுதி தரலாம், சமயப் பாதுகாப்புத் தரலாம், பட்டம் பறிக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கலாம். ஒன்றைக் கூட்டும்போது இன்னொன்றை விட்டுக்கொடுத்தால் கொடுங்கோல் பேச்சு எழாது. வாரத்துக்கு விடுகிறவரும் குத்தகைக்காரரும் பேசுகிற அதே பேரம்.

இனி பாகம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். தொடக்கத்தில் இருப்பது கன்ஃபெடரேட் பார்டிஷன் என்ற பாகப்பிரிவினைச் சட்டம். மூன்று மகன் இருந்தால் மூன்று பங்கு. நீங்கள் உருவாக்காத பட்டத்தைக்கூட, அதற்குரிய நிலத்தில் பாதிக்குமேல் உங்களிடம் இருந்தால், ஆட்டமே உருவாக்கி இரண்டாவது மகனுக்குக் கொடுத்துவிடும். அவனும் அரசன், அண்ணனும் அரசன் என்றால் அவன் தனி நாடு. அண்ணன் பேரரசன் என்றால்தான் தம்பி கீழே நிற்பான். பேரரசுப் பட்டத்துக்கு அடிப்படை விலை 1000 பொன். கிங்டத்துக்கு 500, டச்சிக்கு 250. இரண்டாவது கிங்டம் அளவுக்கு நிலம் சேரும்போதே இந்த 1000-ஐச் சேர்க்கத் தொடங்க வேண்டும்.

அதுவரை சில தடுப்புகள் இருக்கின்றன. இளைய மகன்களுக்கு நீங்கள் உயிரோடிருக்கும்போதே தலைநகர் டச்சிக்கு வெளியே நிலம் கொடுத்துவிட்டால், அது அவர்கள் பங்கில் கழியும். வம்சத் தலைவராக இருந்தால் புகழைச் செலவழித்து ஒருவனை வாரிசுரிமையிலிருந்து நீக்கலாம், ஆனால் அந்தப் புகழ் சேரத் தலைமுறை ஆகும். தேர்தல் முறைச் சட்டத்துக்கு மாறினால் அந்தப் பட்டம் பங்கில் சிக்காது, சிற்றரசர் ஓட்டை மட்டும் கவனிக்க வேண்டும். மூத்தவனுக்கே எல்லாம் என்ற சட்டம் பிற்கால இடைக்காலத்தில்தான் திறக்கும், அதாவது 1200-க்குப் பிறகு. வாரிசுத் திரையை ஆண்டுக்கொருமுறை பாருங்கள், யாருக்கு என்ன போகும் என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறது. புது அரசருக்கு முதல் சில ஆண்டு சிற்றரசர்களிடம் மதிப்புக் குறைவு. சாகும் வயதில் பெட்டியில் பொன் விட்டுவைக்காத அப்பா, மகனைக் கலகத்துக்குப் பலி கொடுக்கிறான். பரிசுக்கும் கூலிப்படைக்கும் அந்தப் பொன்தான்.

தாய்வழி உரிமையும் உண்டு. 1070-இல் அதிராசேந்திரனுக்குப் பின், ராசேந்திரன் மகள் வயிற்றுப் பேரனான கீழைச் சாளுக்கியர் வந்து முதலாம் குலோத்துங்கனாக அமர்ந்ததை இந்த விதிகள் அழகாக உள்வாங்குகின்றன. பெண் கொடுக்கும் இடம் நாளைக்கு உரிமை கேட்கும்.

இந்த ஆட்டத்துக்குத் தண்ணீர் தெரியாது. காவிரி ஒரு நீலக் கோடு, படை கடக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும். வாய்க்கால் வெட்டுவது, மேல்மடைக்காரன் அடைத்தால் கீழ்மடை காய்வது எதுவும் இல்லை. ஊர், சபை, நாட்டார் என்று நிலத்தை உண்மையில் நிர்வகித்த அமைப்புகளும் இல்லை. எல்லாம் ஒரு தனி மனிதன், அவனுக்கு மேலே இன்னொரு தனி மனிதன். ஐரோப்பியச் சட்டையைச் சோழனுக்கு மாட்டியிருக்கிறார்கள், தோளில் இறுக்குகிறது. தமிழ் மொழியும் கிடையாது, ஆங்கிலத்தில்தான் ஆட வேண்டும். டூல்டிப் என்ற விளக்கப் பெட்டிக்குள் இன்னொரு டூல்டிப் திறப்பதால் விளக்கத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

வாங்குவதென்றால் அடிப்படை ஆட்டம் மட்டும் போதும், இங்கே சொன்ன எல்லாம் அதிலேயே இருக்கிறது. கூடுதல் தொகுப்புகளில் நிர்வாகத்துக்கு உதவுவது 2023-இல் வந்த டூர்ஸ் அண்ட் டோர்னமென்ட்ஸ். சிற்றரசர் வீடு வீடாகப் பவனி போய் வரி வசூலிக்கலாம், மிரட்டலாம், மதிப்பையும் ஏற்றலாம். தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். ஆட்டத்தின் பிற்பகுதியில் பழைய கணினிகள் திணறும். ஐப்பசி கார்த்திகையில் மின்சாரம் போகிற ஊர் என்றால், தானாகச் சேமிக்கும் இடைவெளியை அமைப்புகளில் மாதமொருமுறை என்று மாற்றிவிடுங்கள்.