பறக்கும் ரயில்: பயணம் நன்று, இணைப்பு இல்லை

சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை சுமார் 19 கிலோமீட்டர் ஓடும் பறக்கும் ரயிலைப் பயணம் என்ற அளவில் மட்டும் மதிப்பிடச் சொன்னால், யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். பார்க் டவுனைக் கடந்து தடம் மேலேறிய பிறகு சாலை நெரிசல் அதைத் தொடுவதில்லை. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்தையும், கிரீன்வேஸ் சாலையைத் தாண்டியதும் அடையாற்றின் அகலத்தையும் சன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் ஒரு ரயில் சேவையின் தரம் பெட்டிக்குள் மட்டும் இல்லை. அது நம்மை எதனோடு இணைக்கிறது என்பதிலும் இருக்கிறது. அந்த அளவுகோலில் இந்தத் தடம் தன் திட்டமிடல் வரலாற்றின் சுமையை இன்றும் சுமக்கிறது.

1970களில் இது நகரைச் சுற்றி வரும் உள்வட்டத் தடமாகவே எண்ணப்பட்டது. கடற்கரையில் தொடங்கி, மயிலாப்பூர், பரங்கிமலை, வில்லிவாக்கம் வழியாக எண்ணூரை எட்டுவது நோக்கம். ஒப்புதல் கிடைத்ததோ துண்டு துண்டாக. 1983-84இல் சுமார் 53 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட முதல் கட்டம், 1995இல் சேப்பாக்கத்தையும் 1997இல் திருமயிலையையும் தொட்டபோது செலவு 260 கோடியைத் தாண்டியிருந்தது. இரண்டாம் கட்டத்தின் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு ஏற்ற பிறகே வேலை நகர்ந்து, ரயில் 2004இல் திருவான்மியூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் வந்து சேர்ந்தது.

இந்தத் தாமதத்துக்குப் பணத்தட்டுப்பாட்டை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது என் கருத்து. தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் தொல்லையைத் தவிர்க்கவே தடம் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி வகுக்கப்பட்டது. பல இடங்களில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. நிலப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் மழைநீரைக் கடலுக்குக் கொண்டு செல்ல வேண்டிய கால்வாய் குறுகிப்போனது. மக்கள் வந்து செல்லும் கடைத்தெருக்களை விட்டு நிலையங்கள் விலகி நின்றதற்கும் இதுவே காரணம்.

கால்வாய் உதவ முடியாத இடத்தில் திட்டமும் நின்றது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான 5 கிலோமீட்டர் நீட்டிப்பின் பணி 2008இல் தொடங்கியது. அதில் நாலரை கிலோமீட்டர் எழுந்துவிட, ஆதம்பாக்கத்தில் வீடுகளுக்கு நடுவே செல்ல வேண்டிய சுமார் 500 மீட்டர் மட்டும் இழப்பீட்டு வழக்குகளில் சிக்கிப் பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது. 2024 முடியும் வரையிலும் அந்த நீட்டிப்பில் பயணிகள் ரயில் ஓடவில்லை. பரங்கிமலையில் தாம்பரம் மின்சார ரயிலும், 2016 முதல் மெட்ரோவும் கிடைக்கின்றன. அந்தச் சந்திப்பை எட்டாததால், வேளச்சேரியில் இறங்கியவர் தென்சென்னையின் மற்ற தடங்களுக்குச் செல்லப் பேருந்தையோ ஆட்டோவையோதான் நம்ப வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, எழும்பூர்–கடற்கரை நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை வடக்கிலும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. இரு முனைகளிலும் இணைப்பை இழந்த நிலையிலும் மக்கள் அதில் ஏறினார்கள் என்பதே இந்தச் சேவையின் தேவைக்குச் சான்று.

நிலையக் கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாடகை வருமானத்தை எண்ணி மிகப் பெரிதாகக் கட்டப்பட்டவை. பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. இரவில் தனியாக வருவோருக்கு அந்த வெறுமை அச்சம் தருவது இயல்பே.

தரமணி, திருவான்மியூர்ப் பக்கம் வேலைக்குச் செல்வோருக்கு இதைவிட மலிவான, விரைவான வழி இல்லை என்பதால் என் பரிந்துரையில் மாற்றமில்லை. தடத்தை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது நடக்கும்போது புதிய பெட்டிகளுக்கும் பூச்சு வேலைக்கும் முன்னால், ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் சிற்றுந்து நிறுத்தமும், வெளிச்சமுள்ள நடைபாதையும், எல்லாத் தடங்களுக்கும் செல்லும் ஒரே பயணச்சீட்டும் வந்தாக வேண்டும்.