டர்பனில் வாங்கிய கார்பன் ஃபைபர் பானெட்: ஒரு மதிப்பீடு

டர்பனில் ஓர் உதிரிபாகக் கடையில் என் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு வாங்கிய கார்பன் ஃபைபர் பானெட்டின் (எஞ்சின் மூடியின்) மேற்பரப்பு, ட்வில் எனப்படும் சாய்கோட்டு நெசவு விளிம்புவரை கோணலின்றி ஓடியிருந்ததாலும் பிசினில் ஊசித்துளைகள் தென்படாததாலும் முதற்பார்வையில் நிறைவளித்தது. ஆயினும் தரத்தைக் காட்டுவது அடிப்புறம்தான். அங்கே கண்ணாடியிழைப் பாய் தெரிந்தது. மேல் அடுக்கு மட்டுமே கார்பன் என்பதால், எடைக் குறைப்பை நம்பி இந்த விலையைக் கொடுப்பது நியாயமன்று. அதைவிடக் கவலைக்குரியது, பூட்டுக் கொக்கி பொருந்தும் இடத்தில் உலோகத் தகடு பதிக்காமல் இழையிலேயே திருகாணிகளை முடுக்கியிருந்தது. என்2 நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தூக்கும்போது அவ்விடம் கிழிந்தால், பானெட் பெயர்ந்து முன்கண்ணாடியில் மோதிவிடும். ஆகவே மூடியைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும் பானெட் பின்களையும் தனியாகக் கட்டாயம் பொருத்த வேண்டும். பானெட்டுக்கும் காரின் உடற்பகுதிக்கும் இடையிலான இடைவெளிகள் இருபுறமும் சமமாகவே அமைந்தன. எபாக்சி பிசின் புற ஊதாக் கதிரால் மஞ்சளிக்கும் என்பதால், நம் கடற்கரை வெயிலைத் தாங்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேற்பூச்சு பூசப்பட்டுள்ளதா என்பதை விற்பவரிடம் எழுத்து மூலம் உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் செலுத்துங்கள்.