அனான்சி கதை நிகழ்ச்சி: மேளத்துக்காகவே போகலாம்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். அறிவிப்பாளர் மைக்கைப் பிடிக்கிற நேரம் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கொழும்பு 7 இல் வார இறுதிகளில் நடக்கிற ஆபிரிக்க நாட்டார் கதை நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். ஆட்டம், பாட்டு, மேளம் என்று ஒரு மணித்தியாலம். கானாவின் அகான் மக்கள் சொல்லும் அனான்சி என்ற சிலந்தியின் கதை. உலகத்துக் கதை எல்லாம் வான்கடவுள் நியாமேயின் கையில் இருக்கிறது, அதை வாங்க வேண்டுமென்றால் மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம், கண்ணில் படாத ஒரு குட்டித் தேவதை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வா என்கிறார் அவர்.

குளவிக் கட்டம் பிரமாதம். சுரைக்குடுவைத் தண்ணீரைக் கூட்டின்மேல் தெளித்துவிட்டு, மழை வந்துவிட்டது, இதற்குள் ஒதுங்குங்கள் என்று அனான்சி வெறுங்குடுவையை நீட்டுகிற இடம். பேச்சே இல்லை. ஆட்டக்காரர்கள் கிலுகிலுப்பையோடு மேடையெல்லாம் சுழன்று, ஒவ்வொருவராக ஒரு சின்ன வட்டத்துக்குள் நெருங்க நெருங்க இரைச்சல் அடங்கி, கடைசி ஆளும் உள்ளே போனதும் மேளத்தின் நடுவில் உள்ளங்கையால் ஒரே அடி. மூடி போட்டாயிற்று! பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு சின்னவன் 'மாட்டீட்டினம்' என்று கத்திவிட்டான். மலைப்பாம்பை அளக்கிறேன் என்று தடியோடு சேர்த்துக் கட்டுவதும் பரவாயில்லை, சிறுத்தைதான் சும்மா வந்து குழியில் விழுந்துவிட்டுப் போனது.

பாடகர் ஒரு அடி பாடினால் சபை திருப்பிப் பாட வேண்டும். அண்ணாவியார் பாடப் பிற்பாட்டுக்காரர் எடுக்கிற கூத்தைப் பார்த்த சனத்துக்கு இது என்ன புதிதா, பிள்ளைகளுக்கு முன்னமே மாமிமார் பிடித்துக்கொண்டார்கள்.

எரிச்சல் எங்கே என்றால், ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் நடந்ததை ஆங்கிலத்தில் ஒருதரம், பாடப்புத்தகத் தமிழில் ஒருதரம் விளக்குகிறார்கள், கடைசியில் ஒரு புத்திமதி வேறு. ஆட்டமே சொல்லி முடித்த கதைக்கு எதற்கு இது?

அப்புறம் மேளம். அடித்தவர் கெட்டிக்காரர், குறையே இல்லை. ஆனால் அவர் அடித்த ஜெம்பே மாலி, கினி பக்கத்து வாத்தியம். கதையோ அகான் மக்களில் ஒரு பிரிவான அசாந்திச் சனத்தினுடையது, அவர்களுக்கு அதும்பான் என்ற இரட்டை மேளம் இருக்கிறது, கக்கத்தில் இடுக்கி நாடாவை அமுக்கிச் சுருதி மாற்றுகிற தொன்னோ இருக்கிறது, நம் உடுக்கைக்கும் அதே சூட்சுமம்தான். அகான் மொழியில் குரல் ஏறி இறங்கினால் பொருளே மாறும் என்பதால், அந்த ஏற்ற இறக்கத்தை அடித்தே மேளத்தைப் பேச வைப்பார்கள். அதில் ஒன்றாவது மேடைக்கு வந்திருந்தால் அறிவிப்பாளருக்கு வேலையே இருந்திருக்காது. ஆபிரிக்கா என்றால் ஒரே ஊர் என்று நினைத்துவிட்டார்களோ தெரியவில்லை. புத்தளம் சிராம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த நம் நாட்டுச் சனமே மஞ்ஞா என்ற தங்கள் பாட்டைப் பாடி ஆடுகிறது, அவர்களையும் ஒரு நாள் கூப்பிடலாம்.

டிக்கெட் 1500 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. கொடுக்கலாம். ஏசி கடும் குளிர், சின்னவர்களுக்கு ஒரு மேற்சட்டை கொண்டுபோங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் மேளம் இருக்கிற இடது பக்கம் இருக்க வேண்டாம்.